கப்பலைச் சோதிப்பவரைச் சோதிப்பது யார்?

எரிகா என்ற எண்ணெய்க் கப்பல் 1975-ல் ஜப்பானில் கட்டப்பட்டது. 1999 டிசம்பரில் அது மால்டா நாட்டுக் கொடியோடு ஓடிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் உரிமையாளர் என்று இருந்தது மால்டாவில் பதிவான ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்குப் பின்னால் இருந்தவர் ஓர் இத்தாலியர். கப்பலை நிர்வகித்தது ஓர் இத்தாலிய நிறுவனம். ‘கடலில் ஓடத் தகுதியானது’ என்று சான்று கொடுத்தது ரீனா என்ற இன்னொரு இத்தாலிய நிறுவனம். உள்ளே இருந்த சுமார் 31,000 டன் கனரக எரிபொருள் எண்ணெய், பிரான்சின் டோட்டால் ஃபினா கம்பெனி அனுப்பிய சரக்கு. டன்கிர்க் துறைமுகத்தில் ஏற்றி, இத்தாலியின் லிவோர்னோவில் இறக்க வேண்டும். கப்பலை ஓட்டியவர்கள், கேப்டன் உட்பட 26 பேரும் இந்தியர்கள்.

டிசம்பர் 12-ம் தேதி, பிரான்சின் பிரிட்டானி கரைக்கு அப்பால், கடும் கொந்தளிப்பில் அந்தக் கப்பல் இரண்டாக முறிந்தது. மாலுமிகள் அனைவரையும் ஹெலிகாப்டர்கள் உயிரோடு மீட்டன. ஏறத்தாழ 20,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. அது கரையைத் தொடுவதற்கு முன்பே எண்ணெயில் தோய்ந்த பறவைகள் ஒதுங்கத் தொடங்கிவிட்டன. டிசம்பர் கடைசியில் பிரான்சை உலுக்கிய பெரும் புயல், பாறைகளின் மேல்மட்டம் வரை எண்ணெயை ஏற்றிவிட்டது. இது தண்ணீர்போல ஓடும் எண்ணெய் இல்லை. குளிர்ந்தால் தார்போலக் கெட்டிப்படும். கடல்நீரைக் குடித்தால் மூன்று, நான்கு மடங்கு பருத்துவிடும். சுமார் 400 கிலோமீட்டர் கரையில் மக்கள் மண்வெட்டியும் வாளியுமாக இறங்கி அள்ளினார்கள். மணலும் பாசியும் எண்ணெயுமாக அள்ளிச் சேர்த்த கழிவு மட்டும் 2 லட்சம் டன்னைத் தாண்டியது.

கேப்டனை பிரான்ஸ் சில நாள் சிறையில் வைத்தது. பல ஆண்டுகள் கழித்து நடந்த வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார். 2008-ல் பாரிஸ் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது டோட்டால் கம்பெனியையும், ரீனாவையும், உரிமையாளரையும், நிர்வாகியையும். 2012 செப்டம்பரில் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இந்த விபத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எரிகா மூழ்கிய நாளில் அதன் சான்றிதழ்கள் அத்தனையும் செல்லுபடியானவை. ஒன்றுகூடக் காலாவதியாகவில்லை. கடலில் பாதுகாப்பை மேற்பார்க்க ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரு முகமையை ஏன் உருவாக்கின என்பதைப் புரிந்துகொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று காவல்கள்

ஒரு கப்பல் பாதுகாப்பானதா என்று பார்க்க உலகில் ஏற்கெனவே மூன்று காவல்கள் உண்டு.

முதல் காவல் கொடி நாடு. கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் சட்டம்தான் அதன்மேல் செல்லும். லண்டனில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு (ஐ.எம்.ஓ.) விதிகளை எழுதும். ஆனால் அந்த அமைப்புக்குப் போலீஸ் கிடையாது, நீதிமன்றம் கிடையாது. எழுதிய விதியை அமலாக்குவது கொடி நாட்டின் பொறுப்பு. சில நாடுகள் தங்கள் கொடியைக் கட்டணத்துக்குக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கின்றன. கடற்கரையே இல்லாத மங்கோலியாவுக்கும் கப்பல் பதிவகம் உண்டு. கட்டணம் குறைவு, வரி குறைவு, கேள்வி குறைவு என்றால் உரிமையாளர்கள் அங்கே போவார்கள். கேள்வியை அதிகமாக்கினால் அடுத்த கொடிக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாவது காவல், கப்பலின் உடலைச் சோதித்துத் தரச் சான்று தரும் நிறுவனங்கள். கப்பல்காரர்கள் பேச்சில் இது ‘கிளாஸ்’. லாயிட்ஸ், ரீனா, அமெரிக்கன் பீரோ, நம் நாட்டில் இந்தியக் கப்பல் பதிவேடு நிறுவனம் எல்லாம் இந்த வகை. கொடி நாடுகள் பலவற்றுக்குச் சொந்தமாகப் போதுமான சர்வேயர்கள் இல்லை; அதனால் சோதித்துச் சான்றிதழ் தரும் வேலையை இந்த நிறுவனங்களிடமே ஒப்படைத்துவிடுகின்றன. இதில் ஒரு சிக்கல். சோதனைக்குப் பணம் கொடுப்பவர் கப்பல் உரிமையாளர். தேர்வு எழுதுகிறவரே திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது போன்ற ஏற்பாடு. நேர்மையான நிறுவனங்கள் பல உண்டு. ஆனாலும் ஒருவர் கண்டிப்பாக இருந்தால் உரிமையாளர் இன்னொருவரிடம் போகலாம் என்பது எப்போதும் இருக்கிற நெருக்கடி.

மூன்றாவது காவல் துறைமுகம். வந்து நிற்கும் வெளிநாட்டுக் கப்பலில் ஏறிச் சோதிக்கவும், மோசமாக இருந்தால் தடுத்து நிறுத்தவும் துறைமுக நாட்டுக்கு உரிமை உண்டு. 1978 மார்ச்சில் அமோக்கோ காடிஸ் என்ற கப்பல் அதே பிரிட்டானிக் கரையில் 2 லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அந்த அதிர்ச்சியில் 1982-ல் 14 ஐரோப்பிய நாடுகள் பாரிசில் கூடி, துறைமுகச் சோதனையை ஒருங்கிணைக்கும் உடன்பாடு ஒன்றைச் செய்தன. தன் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் நான்கில் ஒன்றை ஒவ்வொரு நாடும் சோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் துறைமுகங்கள் ஒன்றோடொன்று வியாபாரத்தில் போட்டி போடுபவை. கண்டிப்பான துறைமுகம் கப்பலை இழக்கும், கண்ணை மூடிக்கொள்ளும் துறைமுகம் சம்பாதிக்கும். நான்கில் ஒன்று என்ற கணக்கை நிரப்ப, சோதிக்கச் சுலபமான நல்ல கப்பல்களைத் தேர்ந்தெடுத்தாலும் கணக்கு நிரம்பிவிடும்.

எரிகா இந்த மூன்று காவல்களையும் தாண்டி வந்த கப்பல்.

அதன் நோய் பாலாஸ்ட் தொட்டிகளில் இருந்தது. சரக்கு இல்லாமல் போகும்போது நிலைகுலையாமல் இருக்கக் கடல்நீரை நிரப்பும் அறைகள் அவை. சரக்கு ஏற்றும்போது நீரை வெளியேற்றிவிடுவார்கள். உப்புநீர் நிரம்பும், வடியும், மறுபடி நிரம்பும், இடையில் ஈரக்காற்று. பக்கத்து அறையில், கெட்டிப்படாமல் இருக்கச் சூடாக்கி வைத்த எண்ணெய். இரும்பு அரிக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. உள்ளே என்ன நிலை என்று தெரிய வேண்டுமானால், தொட்டியைக் காலி செய்து, காற்றோட்டம் விட்டு, கையில் டார்ச்சோடு ஏணியில் இறங்கி, சேறும் துருவும் படிந்த தகடுகளைச் சுரண்டி, ஒலியலைக் கருவியால் தடிமனை இடம் இடமாக அளக்க வேண்டும். கப்பல் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் சில மணி நேரத்தில் ஏறி இறங்கும் துறைமுக அதிகாரியால் இது ஆகாது. அவர் பார்ப்பது சான்றிதழ்களை. ‘கிளாஸ்’ சரி என்று கையெழுத்திட்டிருந்தால் கொடி நாட்டுக்கும் சரி, துறைமுகத்துக்கும் சரி, சரக்குக் கம்பெனிக்கும் சரி. மூன்று காவல்களும் கடைசியில் ஒரே தாளின்மேல் சாய்ந்திருந்தன. அந்தத் தாளை எழுதியவரை யாரும் பார்க்கவில்லை.

பிரஸ்ஸல்ஸில் எழுதிய சட்டம்

அப்போது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் போக்குவரத்துப் பொறுப்பில் இருந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த லொயோலா தெ பலாசியோ. எரிகா மூழ்கி மூன்று மாதத்தில், 2000 மார்ச்சில், முதல் தொகுப்புச் சட்டங்களை ஆணையம் முன்வைத்தது. துறைமுகச் சோதனையை இறுக்குவது, சான்று நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது, ஒற்றைச் சுவர் எண்ணெய்க் கப்பல்களைப் படிப்படியாக விலக்குவது என்ற மூன்றும் அதில் இருந்தன. ஒற்றைச் சுவர் என்றால் எண்ணெய்க்கும் கடலுக்கும் இடையில் ஒரே ஓர் இரும்புத் தகடு. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் விபத்து நடந்த மறு ஆண்டே, இரட்டைச் சுவர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டுவிட்டது. அங்கே கதவு மூடினால் பழைய கப்பல்கள் வேறு கடலைத் தேடும் என்ற பயம் ஐரோப்பாவுக்கு இருந்தது.

2000 டிசம்பரில் இரண்டாவது தொகுப்பு வந்தது. கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்கும் முறை ஒன்று, கூடுதல் இழப்பீட்டு நிதி ஒன்று, இவற்றோடு ஐரோப்பியக் கடல்சார் பாதுகாப்பு முகமை. சுருக்கப் பெயர் எம்சா. இழப்பீட்டு நிதி ஐரோப்பாவுக்கென்று தனியாக வரவில்லை. 2003-ல் லண்டனில் உலக அளவிலான துணை நிதியாக அது வேறு வடிவம் எடுத்தது. முகமைக்கான சட்டம் 2002 ஜூன் 27-ல் நிறைவேறியது.

சட்டம் வந்துவிட்டது, ஆபீஸ் இல்லை, ஆள் இல்லை. அந்த இடைவெளியில், 2002 நவம்பர் 13-ம் தேதி, ஸ்பெயினின் கலீசியா கரைக்கு அருகே பிரெஸ்டீஜ் என்ற கப்பலின் பக்கச்சுவர் கிழிந்தது. 1976-ல் கட்டிய கப்பல், பஹாமாஸ் கொடி, கிரேக்கக் கேப்டன், உள்ளே 77,000 டன் கனரக எண்ணெய். அமைதியான ஒரு விரிகுடாவுக்குள் இழுத்து வந்தால் எண்ணெயை வேறு கப்பலுக்கு மாற்றலாம் என்று மீட்புக் குழு கேட்டது. ஸ்பெயின் மறுத்து, நடுக்கடலுக்கு இழுத்துப் போகச் சொன்னது. தன் கடற்பகுதிக்குள் வரக் கூடாது என்று போர்ச்சுகலும் தடுத்தது. ஆறு நாள் அலைந்த கப்பல் நவம்பர் 19-ம் தேதி இரண்டாக முறிந்து மூழ்கியது. கொட்டிய எண்ணெய் 60,000 டன்னுக்கு மேல். கலீசியாவின் மட்டிச் சிப்பித் தொழிலையும் மீன்பிடியையும் முடக்கிவிட்டு, அது பிரான்சின் கரை வரை போனது.

முகமையின் நிர்வாகக் குழு முதன்முதலாகக் கூடியது அதற்கு அடுத்த மாதம்.

பிரெஸ்டீஜுக்குப் பிறகு எல்லாம் வேகமெடுத்தது. ஒற்றைச் சுவர்க் கப்பலில் கனரக எண்ணெய் ஏற்றுவதை 2003-ல் ஐரோப்பா தடை செய்தது. ஒற்றைச் சுவர்க் கப்பல்களை விலக்கும் கெடு 2015-லிருந்து 2010-க்கு முன்னே வந்தது. ஐரோப்பா தனியாகச் சட்டம் போட்டால் உலக விதி உடைந்துவிடும் என்று லண்டனில் பலர் கவலைப்பட்டார்கள். நடந்தது வேறு. ஐரோப்பா தனியாகப் போய்விடும் என்ற நெருக்கடியில் ஐ.எம்.ஓ.வே 2001-லும் 2003-லும் இரண்டு முறை தன் கெடுவை இறுக்கியது. ஒரு வட்டாரம் உறுதியாக நின்றதால் உலகச் சட்டம் வலுத்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே வட்டார முகமை என்ற யோசனையை நான் ஆதரிக்கிறேன்.

முகமைக்கு எந்த ஊரில் இடம் என்பதில் நாடுகளுக்குள் இழுபறி. 2003 டிசம்பரில் நடந்த தலைவர்கள் மாநாட்டில்தான் லிஸ்பன் என்று முடிவானது. முதல் செயல் இயக்குநர் வில்லெம் தெ ரூய்ட்டர். நிர்வாகக் குழுவில் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு; கடலே இல்லாத ஆஸ்திரியாவுக்கும் உண்டு. ஒன்றியத்தில் இல்லாத நார்வேயும் ஐஸ்லாந்தும் பங்கெடுக்கின்றன. கப்பல் தொழில்துறையின் பிரதிநிதிகள் உட்காருவார்கள், வாக்கு கிடையாது. இந்தக் கடைசி விதி சின்னதாகத் தெரியும். எனக்கு அதுதான் சட்டத்தின் உயிர் என்று படுகிறது. சோதிக்கப்படுகிறவர் பேசலாம், முடிவு எடுக்கக் கூடாது.

அப்படி என்னதான் செய்கிறது?

பலர் நினைப்பதுபோல எம்சா அதிகாரிகள் சீருடையோடு கப்பலில் ஏறிப் பிடிப்பதில்லை. கப்பலைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது இன்றும் அந்தந்த நாட்டின் அதிகாரம். எம்சாவின் முதல் வேலை, சோதிப்பவர்களைச் சோதிப்பது.

ஐரோப்பாவின் அங்கீகாரம் பெற்ற சான்று நிறுவனங்களின் தலைமை அலுவலகத்துக்கும் உலகெங்கும் உள்ள கிளைகளுக்கும் எம்சா ஆட்கள் போவார்கள். கோப்புகளைத் திறந்து பார்ப்பார்கள். எந்த சர்வேயர், என்ன தகுதி, எந்தத் தொட்டியில் இறங்கினார், எத்தனை இடத்தில் தடிமன் அளந்தார், தகடு தேய்ந்திருந்தும் ‘அடுத்த சர்வேயில் பார்க்கலாம்’ என்று யார் எழுதினார்? பிறகு பழுதுபார்க்கும் தளத்தில் நிற்கும் கப்பலுக்குப் போய், கோப்பில் இருப்பதும் இரும்பில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். அறிக்கை ஆணையத்துக்குப் போகும். அபராதம் போடுவதும் அங்கீகாரத்தைப் பறிப்பதும் ஆணையத்தின் கையில். அங்கீகாரம் போனால் அந்த நிறுவனத்தின் கையெழுத்துக்கு ஐரோப்பியக் கொடிகளிடம் மதிப்பில்லை. தொழிலே போய்விடும் என்பதால் இந்தச் சோதனைக்குப் பயம் இருக்கிறது.

உறுப்பு நாடுகளுக்கும் இதே கதி. சட்டத்தைத் தாளில் ஏற்றுக்கொண்ட நாடு, துறைமுகத்தில் உண்மையில் என்ன செய்கிறது என்று எம்சா நேரில் போய்ப் பார்க்கும்.

மூன்றாவதாக, ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் கடல்சார் கல்லூரிகள். மாலுமிப் பயிற்சிக்கான 1978-ம் ஆண்டு உலக உடன்பாட்டின்படி பாடம் நடக்கிறதா, தேர்வு நேர்மையா, பயிற்சிக் கருவி இருக்கிறதா, அரசு மேற்பார்வை உண்டா என்று பார்ப்பது. பிலிப்பைன்ஸில் 2006-லிருந்து தொடர்ந்து குறைகள் எழுதப்பட்டன. அங்கீகாரம் பறிபோனால் ஐரோப்பியக் கொடிக் கப்பல்களில் இருந்த ஏறத்தாழ 50,000 பிலிப்பைன்ஸ் மாலுமிகளின் பிழைப்பு கேள்விக்குறி. அந்த அரசு இறங்கிவந்து திருத்தங்கள் செய்த பிறகே, 2023 மார்ச்சில், அங்கீகாரம் தொடரும் என்று ஆணையம் அறிவித்தது. இந்தியாவின் பயிற்சி முறையும் இதே சோதனைக்கு உட்பட்டதுதான். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்படிப்பு படிக்கிற ஒரு மாணவரின் சான்றிதழ் ஐரோப்பியக் கப்பலில் செல்லுமா என்பதில் லிஸ்பனில் எழுதும் அறிக்கைக்கும் பங்கு உண்டு.

துறைமுகச் சோதனையும் மாறியது. 2011 ஜனவரியிலிருந்து நான்கில் ஒன்று என்ற பழைய கணக்கு இல்லை. தீட்டிஸ் என்ற தகவல் அமைப்பை எம்சா நடத்துகிறது. கப்பலின் வயது, வகை, கொடி, சான்று நிறுவனம், நடத்தும் கம்பெனி, முன்பு எத்தனை முறை தடுக்கப்பட்டது என்பதையெல்லாம் கூட்டி, ஒவ்வொரு கப்பலுக்கும் ஆபத்துத் தரம் போடும். ஆபத்து அதிகமானால் 5, 6 மாதத்துக்கு ஒரு முறை சோதனை. நல்ல கப்பலுக்கு 2 ஆண்டு வரை தொந்தரவு இல்லை. ஒரு நாட்டில் தடுக்கப்பட்ட கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு நல்ல பிள்ளையாகப் போக முடியாது. திரும்பத் திரும்பத் தடுக்கப்பட்டால் வட்டாரம் முழுவதும் நுழையத் தடை.

இனி கண்காணிப்பு. 2007 ஏப்ரலில் எம்சா தொடங்கிய கிளீன்சீநெட் என்ற செயற்கைக்கோள் கண்காணிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ரேடார் பொருத்திய செயற்கைக்கோள் கடலைப் படம் எடுக்கிறது. ரேடார் என்பதால் இரவோ மேகமோ தடையில்லை. காற்று எழுப்பும் சிற்றலைகள் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும்; படத்தில் கடல் சாம்பல் நிறமாகத் தெரியும். எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலை அடங்கிவிடும், அங்கே கறுப்பு. நள்ளிரவில் தொட்டியைக் கழுவி எண்ணெய்க் கழிவைக் கடலில் விட்டுக்கொண்டே போகும் கப்பலின் பின்னால் நீண்ட கறுப்புக் கோடு விழும். கோட்டின் முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது கப்பலின் இரும்பு. ஒவ்வொரு பெரிய கப்பலும் தன் பெயரையும் இருப்பிடத்தையும் ஏ.ஐ.எஸ். கருவியால் ஒலிபரப்பிக்கொண்டே போகிறது. அந்தத் தடத்தைப் படத்தின்மேல் பொருத்தினால் புள்ளிக்குப் பெயர் கிடைத்துவிடும். படம் எடுத்த அரை மணி நேரத்துக்குள் கரை நாட்டுக்கு எச்சரிக்கை போகும். பாசிப் படலமும் காற்று விழுந்த இடமும் இதேபோலக் கறுப்பாகத் தெரியும் என்பதால், விமானமோ ரோந்துப் படகோ போய் உறுதி செய்தாக வேண்டும். பிடிப்பதும் வழக்குப் போடுவதும் அந்த நாட்டின் வேலை. ஆனால் இத்தனை செயற்கைக்கோள் படங்களைத் தனித்தனியாக வாங்க மால்டாவாலோ எஸ்தோனியாவாலோ முடியாது. சேர்ந்து வாங்கினால் முடிகிறது.

எண்ணெய் கொட்டிவிட்டால் அள்ளுவதற்கும் ஏற்பாடு உண்டு. 2004-ல் சட்டத்தைத் திருத்தி இந்தப் பொறுப்பையும் முகமைக்குக் கொடுத்தார்கள். அதற்காகப் பெரிய கப்பல்களை வாங்கிச் சும்மா நிறுத்தி வைக்கவில்லை. வழக்கமாகச் சரக்கு ஓட்டிக்கொண்டிருக்கும் தனியார் கப்பல்களோடு ஒப்பந்தம். எண்ணெய் அள்ளும் கருவிகள் அவற்றுக்காகத் தயாராக இருக்கும். அழைப்பு வந்தால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, கருவிகளைப் பொருத்திக்கொண்டு, கேட்ட நாட்டுக்குப் போக வேண்டும். செலவு குறைந்த, புத்திசாலித்தனமான ஏற்பாடு இது.

முகமையால் முடியாததும் உண்டு. 2012 ஜூலையில் எம்.எஸ்.சி. ஃப்ளாமினியா என்ற ஜெர்மன் கொடிக் கப்பல் அட்லாண்டிக் நடுவில் வெடித்துத் தீப்பிடித்தது. உள்ளே ஆபத்தான ரசாயனங்கள். எங்கள் கரைக்கு வா என்று எந்த நாடும் உடனே சொல்லவில்லை. ஏறத்தாழ 8 வாரம் கழித்து, செப்டம்பரில்தான், சொந்த நாட்டுத் துறைமுகமான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனை அது அடைந்தது. பிரெஸ்டீஜுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, முகமை முழு வேகத்தில் இயங்கும்போதே இது நடந்தது. தவிக்கும் கப்பலுக்கு இடம் கொடு என்று ஒரு நாட்டுக்கு உத்தரவிட முகமைக்கு அதிகாரம் இல்லை. அடைக்கலத் துறைமுகம் பற்றிய நடைமுறைகளைப் பிறகு எழுதிச் சேர்த்தார்கள். கடைசி முடிவு இன்றும் அந்தந்த நாட்டிடமே. என் பார்வையில் ஐரோப்பிய ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான்.

நம் பக்கத்துக் கடல்

இந்தியப் பெருங்கடலிலும் துறைமுகச் சோதனைக்கு ஓர் உடன்பாடு உண்டு. 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, செயலகம் கோவாவில். இந்தியா, இலங்கை, மாலத்தீவு, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகள் உறுப்பினர்கள். பாரிஸ் உடன்பாட்டின் தம்பி என்று சொல்லலாம். ஆனால் சோதிப்பவரைச் சோதிக்கவும், ஒரு துறைமுகம் கண்ட ஆபத்தை அடுத்த துறைமுகத்துக்கு உடனே சொல்லவும் பொதுவான முகமை இங்கே இல்லை.

அது இல்லாததன் விலையை இலங்கை கொடுத்தது. எக்ஸ்-பிரஸ் பேர்ல், சிங்கப்பூர் கொடி, 2021-ல் கட்டிய புத்தம் புதிய கப்பல். துரு பிரச்சினையே இல்லை. அந்த ஆண்டு மே மாதம் அதன் சரக்குப் பெட்டகம் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது. கத்தாரின் ஹமத் துறைமுகத்தில் இறக்கக் கேட்டார்கள். கையாள வசதியில்லை என்றார்கள். குஜராத்தின் ஹசீராவிலும் இறக்க முடியவில்லை. கசிந்துகொண்டே கொழும்புக்கு வந்தது. மே 20-ல் தீ. ஜூன் 2-ல் மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை மேற்குக் கரை மணலில் கலந்தது. மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. கசிவு கொழும்பில் யாருக்கு எப்போது தெரிந்தது என்பதே பின்னால் விசாரணையின் மையக் கேள்வியானது. 2025 ஜூலையில் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கக் கப்பல் தரப்புக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஐரோப்பியச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. கப்பலில் ஆபத்து என்று ஒரு நாட்டுக்குத் தெரிந்தால், அந்தக் கப்பல் போகும் வழியிலுள்ள மற்ற நாடுகளுக்கு அது சொல்லியாக வேண்டும். எம்சா நடத்தும் சேஃப்சீநெட் என்ற தகவல் வலை வழியாக அந்தச் செய்தி போகும். ஹமதிலும் ஹசீராவிலும் கேட்ட கேள்வி அதே நாளில் கொழும்புத் துறைமுக அதிகாரியின் திரையில் தெரிந்திருந்தால், தயாராக அவருக்கு நாள்கள் கிடைத்திருக்கும்.

2025 மே 25-ல் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. லைபீரியக் கொடி, 640 பெட்டகங்கள், சிலவற்றில் கால்சியம் கார்பைடு. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரி மாவட்டக் கரை வரை வந்து ஒதுங்கியது. கேரளக் கடலில் கவிழ்ந்ததைத் தமிழ்நாட்டு மீனவர் பொறுக்குகிறார். கொழும்பில் எரிந்ததற்கு ஹசீராவில் முன்கதை இருக்கிறது. இந்தக் கடலுக்கு ஒரு நாட்டின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் மட்டும் போதாது.

ஐரோப்பாவைப் போலப் பொதுப் பணமும் பொதுச் சட்டமும் நம் நாடுகளுக்கு இல்லை. எம்சாவை அப்படியே இங்கே தூக்கி வர முடியாது. தொடக்கத்துக்கு அவ்வளவு தேவையும் இல்லை. ஆபத்துச் செய்தியைப் பகிர்வதைக் கட்டாயமாக்கலாம். ஒருவர் கோப்பை ஒருவர் பார்க்க அனுமதிக்கலாம். அள்ளும் கருவிகளைச் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். இதற்கு எந்த நாடும் தன் இறையாண்மையில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கோவாவில் ஏற்கெனவே இருக்கிற செயலகத்திலிருந்தே இந்தியாவும் இலங்கையும் இதைத் தொடங்க முடியும், தொடங்கவும் வேண்டும்.

கப்பல் வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இக்வாசிஸ் என்ற இணையக் கப்பல் தகவல் தொகுப்பு 2000-லிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கட்டணம் கிடையாது, பெயரைப் பதிவு செய்தால் போதும். ஒவ்வொரு கப்பலுக்கும் 7 இலக்க ஐ.எம்.ஓ. எண் ஒன்று உண்டு. பெயரும் கொடியும் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது. ஏஜென்ட் ஒப்பந்தத்தை நீட்டும்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இக்வாசிஸில் அதைப் போட்டால் கப்பலின் வயது, உரிமையாளர், ‘கிளாஸ்’, எந்தத் துறைமுகத்தில் என்ன குறைக்காகத் தடுத்தார்கள் என்பதெல்லாம் வரும். எண்ணைத் தர மறுக்கிற ஏஜென்டிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.